பேச்சுக்கு வரம்பிடுவது யார்?

இணையவழிக் கலந்துரையாடற் குழுக்களுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்ற வினா நமது மாவட்டத்தின் பட்டினத்திலும் வயலோரத்திலும் ஒருங்கே எழுந்திருக்கிறது. வேண்டும் என்பதே நமது விடை. ஆனால், அக்கட்டுப்பாடு குழுவினர் தமக்குத் தாமே இட்டுக்கொள்வதாக இருத்தல் வேண்டும். ஆட்சியாளர் இடுவதாக இருத்தல் ஆகாது.

கட்டற்ற பேச்சின் விளைவை இந்நாடு கண்டிருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களின் இல்லங்களும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, முகநூலிற் பரவிய வதந்தியும் வசையும் அத்தீக்கு நெய்யாயின. அந்நிறுவனமே 2020 இல் அதற்காக மன்னிப்புக் கோரிற்று. மூவினத்தவரும் அடுத்தடுத்து வாழும் திருகோணமலையில் அத்தகைய பொறியொன்று விழுந்தால் என்னாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய தீமைகளைத் தடுப்பதாகக் கூறியே 2024 ஜனவரி 24 ஆம் நாள் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு, பொய்யென அது கருதும் கூற்றுக்களின் பரவலைத் தடுக்கப் பணிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அளித்தது.

பொய் எது, மெய் எது என்பதை ஆட்சியின் நியமனத்தார் தீர்மானித்தால் என்ன நேரும்? திருகோணமலையினர் இதற்கு ஏடுகளைப் புரட்டத் தேவையில்லை. 2006 ஜனவரி 2 ஆம் நாள் நமது கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே மாண்டனர் என்று படைத்தரப்பு முதலிற் கூறியது. சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்களோ, அவர்கள் உடலிற் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் நாள் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினெட்டு ஆண்டுகளின் பின் அதே நாளில் மேற்படி சட்டம் நிறைவேறியது தற்செயலே. எனினும் கேட்கிறோம்: அன்று இவ்வாணைக்குழு இருந்திருப்பின், பொய்யென நீக்கப்பட்டிருக்கக் கூடியது படையினரின் கூற்றா, அப்படங்களா?

அப்படியாயின் வரம்பிடுவது எவர்? நமது கமக்காரர் விடை அறிவர். வட்டவிதானை முறைவைத்து நீர் பாய்ச்சுகிறார். முறை தவறி மடை வெட்டுபவரைத் தடுக்கிறார். அதனை எவரும் அடக்குமுறை என்பதில்லை. ஏனெனில், அவரைத் தெரிந்தவர் கமக்காரரே. நடுநிலை தவறினால் மாற்றவல்லவரும் அவர்களே.

கைபேசிக் குழுக்களை நடத்துவோரும் அவ்வழி ஒழுகுவாராக. விதிகளை முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் அறிவியுங்கள். இனத்தையும் சமயத்தையும் இழித்துரைப்பதையும், உறுதிப்படாத செய்தியைப் பரப்புவதையும் தயங்காது நீக்குங்கள். நீக்கியதன் காரணத்தைச் சொல்லுங்கள். ஒருவரை விலக்குமுன் அவரது விளக்கத்தைக் கேளுங்கள். முடிவை மீள ஆராய வேறு இருவரை அமர்த்துங்கள். இவை இயற்கை நீதியின் பாலபாடங்கள். உங்களைக் கண்டிக்கும் கருத்தை மட்டும் நீக்காதீர்கள். நீக்கினால், நாம் கண்டிக்கும் ஆணைக்குழுவுக்கும் உங்களுக்கும் வேற்றுமை இல்லை.

வன்முறையைத் தூண்டுவோரைப் பகிரங்க நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிப்பதை நாம் எதிர்க்கவில்லை. உண்மையை அளக்கும் கோலை ஆட்சியின் நியமனத்தாரிடம் ஒப்படைப்பதையே எதிர்க்கிறோம். நமது வரம்பை நாமே கட்டுவோம். கட்டாவிடின், வேறொருவர் வந்து நமது வயலில் எல்லைக்கல் நடுவார்.