ஆள் குறைய வேகம் கூடும்

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் எதிரிகள் 55 பேர். வரிசைக்கு 11 பேராக ஐந்து வரிசை. ஆரம்பத்தில் ஆடி அசைந்துதான் வருவார்கள். சுடச்சுட நடை கூடும், அடிவயிற்றைப் பிசையும் அந்த நான்கு சுர ஒலியும் கூடவே விரையும். கடைசியில் மிஞ்சும் ஒருவன் திரையின் கோடிக்குக் கோடி பறப்பான். ஆடியவர்களின் கை வியர்த்தது அங்கேதான்.

அந்த வேகம் திட்டமிட்டு வந்ததல்ல. ஆட்டத்தை உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோவிடம் இருந்தது இன்டெல் 8080 சில்லு. அத்தனை உருவங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த அதற்குத் தெம்பு போதாது. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். முறைக்கு ஓர் உருவம் மட்டும் ஓரடி நகரும். 55 பேரும் உயிரோடு இருந்தால் ஒருவனுக்கு மறுபடி முறை வர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். ஆள் குறைந்தால் முறை சீக்கிரம் வரும், அவ்வளவுதான். உற்றுப் பாருங்கள்: படை ஒன்றாக நகராது, கீழ்வரிசையில் தொடங்கி ஒவ்வொருவராக நெளிந்து மேலே போகும்.

வேறொருவர் இதைக் கோளாறு என்று திருத்தியிருப்பார். நிஷிகாடோ அப்படியே விட்டார். மின்சுற்று, ஓவியம், நிரல், நிரல் எழுதத் தேவையான கருவி எல்லாமே அவர் கைவேலை. அதனால்தான் சில்லின் பலவீனம் ஆடுபவரின் படபடப்பாக மாறுவது அவர் கண்ணில் பட்டது என்று நம்புகிறேன். வேலையைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டிருந்தால் யாராவது ஒருவர் அதைச் சரிசெய்து தொலைத்திருப்பார்.

இந்த ஆட்டத்துக்குத் தூண்டுதல் அட்டாரி நிறுவனத்தின் 'பிரேக்அவுட்' ஆட்டம். செங்கல்களை ஒன்றுவிடாமல் உடைத்துத் தீர்க்கும் நிறைவு நிஷிகாடோவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடிபடுவது திருப்பி அடிக்க வேண்டும் என்று நினைத்தார். விமானங்களையும் பீரங்கி வண்டிகளையும் வரைந்து பார்த்தார், அசைவு சரியாக வரவில்லை. நடக்கும் சிப்பாய்கள் நன்றாக வந்தார்கள். மனிதரைச் சுடும் ஆட்டம் வேண்டாம் என்று நிறுவனம் தடுத்தது. எச்.ஜி.வெல்ஸ் கதையின் செவ்வாய்வாசிகள் கைகொடுக்க, ஆக்டோபஸ், நண்டு, கணவாய் சாயலில் எதிரிகள் பிறந்தார்கள். அந்தத் தடையை நான் மதிக்கிறேன். வெறும் புள்ளிகளால் ஆன உருவமானாலும் மனித உருவம் மனித உருவம்தானே.

சில்லுகள் பலமடங்கு வேகமாகிவிட்டன. இன்று அதே ஆட்டத்தை எழுதுபவர், ஆள் குறையும்போது வேகம் கூட வேண்டும் என்பதைத் தனியே கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது.