பெயரில் வாழும் தலைநகர்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்று மீளும் அன்பர்கள் பலர், "நல்லூரைப் பார்த்தோம்" என்று மகிழ்ச்சியோடு கூறுவர். யாதெல்லாம் கண்டீர்கள் என வினவினால், கந்தசுவாமி கோயிலையும் அதனருகே உண்ட ஐஸ்கிறீமையும் கூறி நிறுத்திவிடுவர். ஐஸ்கிறீமின் மீது எமக்கு யாதொரு பகையும் இல்லை. ஆயினும், ஓர் அரசின் தலைநகரில் நின்றோம் என்ற நினைவே இன்றி நம் பிள்ளைகள் திரும்புதல் வருத்தத்துக்குரியது.

1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றும்வரை நல்லூரே அதன் இராசதானி. இறுதி மன்னன் சங்கிலி குமாரன் சிறைப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அங்கே கொலைத் தண்டனைக்கு ஆளானான். வென்ற தளபதி பிலிப் தே ஒலிவேறா 1621இல் பழைய கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். அதன் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டை கட்டச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. இன்று நாம் வணங்கும் கோயில் 1734இல் வேறோர் இடத்தில், குருக்கள் வளவில், எழுந்தது.

ஆதலின் அரண்மனையைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். சங்கிலித்தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் மன்னர் காலத்தன என்று காட்டுவது வழக்கம். அவற்றின் கட்டட அமைப்பு ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இதைச் சொன்னால் சிலர் சினங்கொள்வர். சொல்லாதிருப்பது மாணவர்க்குச் செய்யும் தீங்கு.

கல் போயிற்று, சொல் போகவில்லை. 'முத்திரைச் சந்தை' என்று சொல்லி இன்றும் மக்கள் வழி கேட்கின்றனர். பழைய கோயில் நின்றது அச்சந்தைப் பக்கமே என்பர். கோயிலிற் கூறப்படும் கட்டியத்தைச் செவிகொடுத்துக் கேளுங்கள். சிறீ சங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் அதில் வரும். செண்பகப்பெருமாள் என்று நம்மவர் அழைக்கும் சப்புமல் குமாரயனையே அது குறிக்கும் என்பர் பலர். 1450 அளவில் கோட்டை அரசனுக்காக யாழ்ப்பாணத்தை வென்றவன் அவன். பின்னர் கோட்டையில் புவனேகபாகு என்ற பெயருடன் முடிசூடினான். வென்று வந்தவனின் பெயரை முருகன் சந்நிதியில் இன்றளவும் வாழ்த்தி வருகின்றோம்! இதனை அறிந்து கேட்போர் எத்தனை பேர்?

மற்றொன்று யமுனா ஏரி. சங்கிலித்தோப்பின் பின்புறத்தே, கல்லாற் கட்டிய சிறு கேணி அது. யமுனை நீரைக் காவடியிற் கொணர்ந்து அரசன் அதிற் கலந்தான் என்பது கதை. அதன் வடிவம் ஒரு தமிழ் எழுத்தைப் போன்றது. எந்த எழுத்து என்பதை நாம் சொல்லப்போவதில்லை; அடுத்த விடுமுறையில் பிள்ளைகளே கரையில் நின்று கண்டுபிடிக்கட்டும். ஐஸ்கிறீம் அதன் பின்னர்.