லேப்டாப் ஹேங் ஆகுதா? ஆர்.டி.யை உடைக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கொடுங்க!



நம்ம சேனல்ல எப்பவும் எஃப்.டி., தங்கம், இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு லேப்டாப். "நீங்க எப்போ சர்வீஸ் சென்டர் ஆரம்பிச்சீங்க?"ன்னு கேட்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா இது பணம் பத்தின விஷயம்தான்னு உங்களுக்கே புரியும்.

இந்த ஜனவரியில எங்க பக்கத்து வீட்டு அக்கா கையில போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கோட வந்தாங்க. "தம்பி, ஆர்.டி.யை இப்ப மூடினா எவ்வளவு வரும்?"

மாசம் ரூ.1,000 ஆர்.டி. 2022 ஜனவரியில ஆரம்பிச்சது, 48 மாசம் கட்டியாச்சு. இன்னும் ஒரே வருஷம்தான் பாக்கி. ஏன் மூடணும்? மகன் சிதம்பரத்துல காலேஜ் படிக்கிறான், புராஜெக்ட் நேரம், வீட்டு லேப்டாப் சும்மா சும்மா உறைஞ்சு நிக்குது. கடலூர்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. கடைக்காரர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "ரேம் பத்தலம்மா. ஆனா ஆறு வருஷ மெஷின், அதுல காசு போடாதீங்க. இதை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துட்டு ரூ.42,000-க்குப் புதுசு எடுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டார். சோதனைக்குக் காசு வாங்கல. "இலவசமாப் பார்த்துச் சொன்னாரு தம்பி, நல்ல மனுஷன்"னு அக்காவுக்கு சந்தோஷம் வேற.

என்னோட கருத்து இதுதான்: அந்த இலவசம்தான் இந்தக் கதையிலேயே காஸ்ட்லியான விஷயம்.

முதல்ல ஆர்.டி. கணக்கு

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை மூணு வருஷம் முடிஞ்ச பிறகு முன்கூட்டியே மூடலாம். ஆனா மூடினா ஆர்.டி. வட்டி கிடைக்காது, சேமிப்புக் கணக்கு வட்டிதான், அதாவது 4%. அக்கா சேர்ந்தப்போ வட்டி 5.8%. 48 மாசத்துக்கு என் கணக்குப்படி சுமார் ரூ.2,000 வட்டி அப்படியே போயிடும். அது போக, ஒழுங்கா கட்டிட்டு வந்த ஒரு பழக்கமும் உடையுது. அதுக்கு எக்செல்ல கணக்குப் போட முடியாது.

"அப்போ எங்க வீட்டுக்காரர் கார்டுல நோ காஸ்ட் ஈ.எம்.ஐ. போட்டுக்கலாமே?"ன்னு கேட்டாங்க. ஜீரோ வட்டிங்கிற ஒரு விஷயமே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.ல வட்டி இருக்கு. அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டுறாங்க, அவ்வளவுதான். ரூ.7,000 வீதம் ஆறு மாசம்னா, 15% வட்டியில அதுக்குள்ள சுமார் ரூ.1,780 வட்டி ஒளிஞ்சிருக்கு. அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. ரூ.320 உங்க தலையில. பிராசஸிங் ஃபீ ரூ.199-ன்னு வச்சா வரியோட ரூ.235. ஆக, "நோ காஸ்ட்"டுக்கு காஸ்ட் ரூ.555.

சரி, இதெல்லாம் அப்புறம். லேப்டாப்புக்கு உண்மையிலேயே என்ன நோய்? அதை யாருமே பார்க்கல. "எடுத்துட்டு வாங்கக்கா, பார்ப்போம்"னேன்.

எப்போ உறையுது? இதுதான் முதல் கேள்வி

டாக்டர் "எப்போ வலிக்குது?"ன்னு கேட்கிற மாதிரி, ஒரு பேப்பர்ல ரெண்டு நாள் குறிச்சு வைங்க.

- ஆன் பண்ணின உடனே பத்து நிமிஷம் நகரவே மாட்டேங்குதா? ஹார்ட் டிஸ்க் மேல சந்தேகம், இல்லன்னா ஸ்டார்ட் ஆகும்போதே தானா திறக்கிற ஆப்கள் அதிகம்.
- பிரவுசர்ல பதினைஞ்சு இருபது டேப் திறந்தா மட்டும் திணறுதா? ரேம்.
- அரை மணி நேரம் நல்லா ஓடி, ஃபேன் இரைச்சல் ஏறி, அப்புறம் மந்தமாகுதா? சூடு.
- நேரம் காலமே இல்லாம சட்டுனு மவுஸ் கூட அசையாம நின்னு, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைக்க வேண்டியிருக்கா? ரேம் கோளாறு, டிஸ்க் கோளாறு, டிரைவர், மதர்போர்டு எதுவும் இருக்கலாம். இதுக்குத்தான் உண்மையிலேயே மெக்கானிக் வேணும்.

அக்கா வீட்டு லேப்டாப் முதல் வகை. மவுஸ் அசையுது, ஆனா எதைக் கிளிக் பண்ணினாலும் திறக்க மாட்டேங்குது.

ரெண்டாவது: டாஸ்க் மேனேஜர்

விண்டோஸ்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்க. லேப்டாப் திணறும்போதே பார்க்கணும், நல்லா இருக்கும்போது பார்த்துப் பிரயோஜனம் இல்ல.

அக்கா லேப்டாப்ல நான் பார்த்தது: ரேம் 8 ஜி.பி.யில 58%தான் ஓடுது. சி.பி.யு. 12%. டிஸ்க் மட்டும் 100%. ஆனா அந்த 100%ல படிக்கிற வேகம் வினாடிக்கு ஒண்ணு ரெண்டு எம்.பி.தான். ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லி செகண்ட்ல நிக்குது. அதாவது ஒரு ஃபைலைக் கேட்டா டிஸ்க் பதில் சொல்லவே சில வினாடி எடுத்துக்குது.

"ரேம் பத்தல"ன்னு சொன்னது தப்புன்னு இங்கேயே தெரிஞ்சுபோச்சு. ரேம் வாங்கிப் போட்டிருந்தா ஒரு மாற்றமும் வந்திருக்காது. அதுவும் இப்ப ரேம் விற்கிற விலைக்கு! ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போறதால உலகம் பூரா விலை ஏறிக் கிடக்கு. 'குரூஷியல்' பிராண்டுல வீட்டு உபயோகத்துக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் வித்துட்டிருந்த மைக்ரான் கம்பெனியே, அந்த வியாபாரத்தை விட்டு வெளியேறப் போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுடுச்சு. இந்த நேரத்துல ஊகத்துல ரேம் வாங்கவே கூடாது.

மூணாவது: டிஸ்க்கோட ஆரோக்கியம்

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. திறந்தாலே டிஸ்க் நல்லா இருக்கா, எச்சரிக்கையா, மோசமான்னு கலர்ல காட்டும். இதுல மஞ்சள், எச்சரிக்கை. டிஸ்க்குல சில பகுதிகள் ஏற்கனவே செத்துப்போச்சு.

மஞ்சளோ சிவப்போ வந்தா உடனே நிறுத்துங்க. வேற எந்தச் சோதனையும் வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். முதல் வேலை பேக்கப். அக்காவோட அம்மா தவறி மூணு வருஷம் ஆச்சு. அவங்க கடைசியா எடுத்துக்கிட்ட படங்கள் இந்த லேப்டாப்ல மட்டும்தான் இருந்துச்சு. எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்திருந்தா அதுவும் சேர்ந்து போயிருக்கும். பென் டிரைவ்ல காப்பி ஆகி முடிக்க ராத்திரி பதினோரு மணி ஆச்சு. அக்கா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க.

நம்ம ஊர்க்காரங்க கவனிக்க

கடல் ஓர ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பரங்கிப்பேட்டையில ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்குதுன்னு நமக்குத் தெரியும். அதே உப்புக் காத்துதான் லேப்டாப் உள்ளேயும் போகுது. ரேம் சொருகுற இடத்துல, கனெக்டர்ல பாசி மாதிரி படிஞ்சு இணைப்பு விட்டுப் போகலாம். ஃபேன்ல தூசியும் ஈரமும் சேர்ந்து களிம்பாகும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் பண்றது இங்கே வீண் செலவு இல்ல. மெத்தை மேல வச்சு உபயோகிக்கிறதை நிறுத்துங்க, அடியில காத்துப் போற வழியே அடைஞ்சிடும். பேட்டரி உப்பி கீபோர்டு மேலே தூக்கியிருந்தா சார்ஜ் போடவே போடாதீங்க, அது நெருப்பு விஷயம்.

இன்னொரு பயமுறுத்தல்: "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, அதான் ஹேங்." விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது உண்மை. அதனால நிக்கிறது செக்யூரிட்டி அப்டேட்தான், லேப்டாப் வேகம் இல்ல. பதிவு பண்ணிக்கிட்டா வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதுக்குள்ள விண்டோஸ் 11 ஏறுமா, இல்ல லினக்ஸா, இல்ல புதுசான்னு நிதானமா முடிவு பண்ணலாம்.

பில் எவ்வளவு?

மறுநாள் சிதம்பரத்துல ஒரு மெக்கானிக்கிட்ட போனோம். "ஹார்ட் டிஸ்க் போகுது, எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுங்க, ஃபேனும் சுத்தம் பண்ணிடுங்க"ன்னு தெளிவாக் கேட்டோம். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ரூ.2,900, வேலைக்கூலி ரூ.600. மொத்தம் ரூ.3,500. இப்ப அரை நிமிஷத்துக்குள்ள திறக்குது.

இதுல ஒரு சின்ன ஃபார்முலா வச்சுக்கங்க. செலவை, அது இன்னும் எத்தனை மாசம் ஓடும்ங்கிறதால வகுங்க. ரூ.3,500 போட்டு ரெண்டு வருஷம் ஓடினா மாசம் ரூ.146. ரூ.42,000-க்குப் புதுசு வாங்கி அஞ்சு வருஷம் ஓட்டினா மாசம் ரூ.700.

எல்லா லேப்டாப்பையும் காப்பாத்தணும்னு நான் சொல்லல. மதர்போர்டு போச்சுன்னா, ரிப்பேர் செலவு அதே தரத்துல ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் விலையில பாதியைத் தாண்டினா, இல்ல படிப்புக்குத் தேவையான சாஃப்ட்வேரே அதுல ஓடாதுன்னா, புதுசு வாங்குங்க. ஆனா 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்துல வந்த மெஷின்கள் இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரியில தூங்குது. அதுல நிறைய ஹார்ட் டிஸ்க் மெஷின்தான். எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இந்த மூணு சோதனையையும் ஒரு தடவை செஞ்சு பாருங்க.

கடைக்காரர் கெட்டவரா?

இல்லவே இல்ல. சோதனைக்கு நாம காசு கொடுக்க மாட்டோம். பார்ட்ஸ் வித்தாத்தான் அவருக்கு வருமானம். அப்போ அவர் வாயில "புதுசு வாங்குங்க"ன்னுதான் வரும். மியூச்சுவல் ஃபண்ட்ல இலவச ஆலோசனை கொடுத்துட்டு ரெகுலர் பிளான்ல கமிஷன் எடுக்கிறதைப் பத்தி எத்தனை வீடியோ போட்டிருக்கோம்! இங்கேயும் அதே கதைதான். அதனால அடுத்த தடவை கடைக்குப் போனா நீங்களே சொல்லுங்க: "செக் பண்றதுக்கு முன்னூறோ ஐநூறோ வாங்கிக்கங்க. என்ன பிரச்சினைன்னு ஸ்கிரீன்ல காட்டுங்க. ரிப்பேர் பண்றதா வேண்டாமான்னு அப்புறம் நான் சொல்றேன்." உழைப்புக்குக் காசு கிடைச்சா அவரும் நிதானமாப் பார்ப்பார், உங்களுக்கும் உண்மை தெரியும்.

அக்காவோட ஆர்.டி. ஓடிக்கிட்டு இருக்கு. 2027 ஜனவரியில முடியும்போது ரூ.69,697 வரும். "அதுல ஒரு சின்னச் செயின் வாங்கணும் தம்பி"ன்னாங்க. அதுக்கு இன்னும் நேரம் இருக்கு, அதைப் பத்தி அப்போ சண்டை போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுக்குள்ள உங்க வீட்டு லேப்டாப்ல டாஸ்க் மேனேஜரை ஒரு தடவை திறந்து பாருங்க. முக்கியமா, படங்களுக்கு ஒரு பேக்கப் எடுத்து வைங்க.