அலைகளுக்கு அடியில் ஒரு தலைநகர்!

சாமுராய் என்றதும் குதிரையும் வாளும்தான் நினைவுக்கு வரும். ஆனால், ஜப்பானில் சாமுராய்கள் ஆட்சியைக் கைப்பற்றக் காரணமான போர் முடிந்தது தண்ணீரில்!

1185, ஏப்ரல் 25. ஹோன்ஷு, கியூஷு தீவுகளுக்கு இடையிலான குறுகிய நீரிணையில் உள்ள டான்-நோ-உரா. ஒருபக்கம் டைரா குலம், மறுபக்கம் மினமோட்டோ குலம். கப்பல் கணக்கில் பழைய நூல்களுக்குள்ளேயே சண்டை. ஒன்று 840-க்கு 500 என்கிறது. இன்னொன்று 3,000-க்கு 1,000. எப்படிப் பார்த்தாலும், மினமோட்டோ பக்கமே படை அதிகம். கடல் பழக்கம் டைராக்களுக்கு அதிகம்.

டைரா கப்பல் ஒன்றில் 6 வயதுச் சிறுவன் இருந்தான். பெயர் ஆன்டோகு. ஜப்பானின் பேரரசர்! தாத்தா கியோமோரி 1180-ல், பால்மணம் மாறாத பேரனை அரியணையில் அமர்த்தினார். மறுவருடமே காய்ச்சலில் இறந்துபோனார். 1183-ல் எதிரிகள் நெருங்க, குழந்தையையும் அரச சின்னங்களான வாள், கண்ணாடி, மணி ஆகியவற்றையும் தூக்கிக்கொண்டு தலைநகர் கியோட்டோவை விட்டு ஓடியது குடும்பம். அதன்பின் கடலோரமே கதி.

அந்த நீரிணையில் நீரோட்டம் ஒரு நாளைக்கு நான்கு முறை திசை மாறும். காலையில் அது டைராக்களுக்குச் சாதகமாக இருந்தது என்றும், பிறகு திரும்பி அவர்களையே நெருக்கியது என்றும் சொல்வார்கள். நீரோட்டம் மட்டுமே காரணம் என்பதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. துரோகத்துக்கும் அதில் பங்கிருக்கிறது.

பெரிய கப்பலில் சாதாரண வீரர்களை ஏற்றிவிட்டு, முக்கியமானவர்கள் சின்னப் படகுகளில் இருப்பது டைராக்களின் தந்திரம். கூட்டாளி ஷிகெயோஷியின் மகன் ஏற்கெனவே மினமோட்டோ பிடியில். அவர்மேல் சந்தேகப்பட்ட தளபதி டோமோமோரி, வெட்டிவிடலாம் என்று அண்ணன் முனெமோரியிடம் கேட்டார். அண்ணன் மறுத்துவிட்டார். போர் நடுவில் ஷிகெயோஷி கட்சி மாறி, ரகசியத்தைச் சொல்லிவிட்டார். ஓட்டுநர்கள் வெட்டப்பட, படகுகள் திக்குத் தெரியாமல் சுழன்றன.

எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததும், பாட்டி டோகிகோ அரச வாளை இடுப்பில் செருகிக்கொண்டு பேரனைத் தூக்கினார். எங்கே போகிறோம் என்று கேட்ட குழந்தைக்கு, அலைகளுக்கு அடியிலும் ஒரு தலைநகர் இருப்பதாகச் சமாதானம் சொல்லிவிட்டுக் குதித்தார் என்கிறது 'ஹெய்க்கே மோனோகதாரி' காவியம்.

தாய் டோகுகோவும் குதித்தார். ஆனால், எதிரி வீரர்கள் துரட்டியால் கூந்தலைப் பற்றி இழுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். பெற்ற பிள்ளையும் தாயும் போன தண்ணீரிலிருந்து, அவர் மட்டும் மீட்கப்பட்டார். பிறகு துறவியாகி, ஓஹாரா மலைக்கிராமத்தில் பிரார்த்தனையிலேயே காலம் கழித்தார். குலத்தலைவரான முனெமோரியோ குதிக்கத் தயங்க, சொந்த ஆட்களே தள்ளிவிட்டார்களாம். அவருக்கு நீச்சல் தெரியும். நீந்திக்கொண்டிருந்தவரைப் பிடித்துப்போய், பிறகு தலையை வெட்டினார்கள்.

கண்ணாடியும் மணியும் கிடைத்தன. வாள் கிடைக்கவே இல்லை. அந்தக் கடலில் கோபமான மனித முகம்போல ஓடுள்ள நண்டுகள் உண்டு. அவற்றை மாண்ட டைரா வீரர்களின் ஆவி என்பார்கள் ஊர் மக்கள். உண்மையில், அந்தக் கோடுகள் தசைகள் ஒட்டியிருக்கும் மேடுபள்ளங்கள்தான்.

ஷிமோனோசெகி நகரில் சிறுவன் ஆன்டோகுவுக்கு 'அகாமா' என்ற ஆலயம் இருக்கிறது. அதன் சிவப்பு, வெள்ளை வாயில் கடலைப் பார்த்து நிற்கிறது. பாட்டி சொன்ன அந்தத் தலைநகரை நினைத்து, கடலடி அரண்மனையைப் போலவே அதைக் கட்டியிருக்கிறார்கள்.