எத்தனை குதிரை?

ஸ்போர்ட்ஸ் கார்னு பேச்செடுத்தாலே நம்ம மக்கள் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை குதிரைசக்தி?" எடை எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சூட்சுமமே அங்கதான் இருக்கு.

1996-ல வந்த ரெண்டு காரை எடுத்துக்குவோம். போர்ஷே பாக்ஸ்டர்: 204 குதிரை, 1,250 கிலோ. லோட்டஸ் எலிஸ்: 120 குதிரை, 725 கிலோ. பாத்தவுடனே எலிஸ் பாவமாத்தான் தெரியும். வகுத்துப் பாருங்க: டன்னுக்கு பாக்ஸ்டர் 163 குதிரை, எலிஸ் 165! அலுமினியத்தைப் பசை போட்டு ஒட்டிச் செஞ்ச அதோட சட்டகமே வெறும் 68 கிலோதான்.

நீளமான நேர் ரோட்டுல எலிஸ் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தோட நின்னுடும். பாக்ஸ்டர் 240 போகும். காத்தைக் கிழிக்கக் குதிரைதான் வேணும், மறுக்கலை. ஆனா குதிரையைக் கூட்டினா வேகமும் பிக்கப்பும் மட்டும்தான் கூடும். எடையைக் குறைச்சா பிக்கப், பிரேக், வளைவு மூணுக்குமே லாபம். டயரும் சீக்கிரம் தேயாது.

2021-ல எலிஸ் தயாரிப்பு நின்னுபோச்சு. வருத்தம்தான். என் ஓட்டு இன்னமும் அந்த ஒல்லிப்பயலுக்குத்தான். உங்க ஓட்டு யாருக்கு மக்களே?