தனியே விடாத கட்டங்கள்

ஹிதோரி என்று சுருக்கமாக வழங்கும் ஜப்பானியப் புதிரின் முழுப்பெயர் 'ஹிதோரி நி ஷிதே குரே'. 'என்னைத் தனியே விடு' என்று பொருள். இப்புதிரைப் பிறர்க்குச் சொல்லித்தருவோர் பெரும்பாலும் இந்தப் பெயரிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள் என்பது என் குறை.

1980இல் தொடங்கிய நிகோலி என்னும் புதிர் இதழ் 1990இல் இதை வெளியிட்டது. அவ்விதழைத் தொடங்கியோருள் ஒருவரான மாகி காஜிதான் (2021இல் மறைந்தார்) சுடோக்குவுக்கு அப்பெயரைச் சூட்டியவர். வாசகரே புதிர் ஆக்கி அனுப்பும் வழக்கம் அங்கு உண்டு. சிற்றிதழ் அறிந்த நமக்கு அந்த உறவு புதிதன்று.

சுடோக்குவில் வெற்றுக் கட்டங்களை நிரப்புகிறோம். ஹிதோரியிலோ எல்லாக் கட்டங்களிலும் எண்கள் முன்பே இருக்கின்றன. மிகையானவற்றைக் கருமையாக்கி நீக்க வேண்டும். நீக்கியபின் ஒரு நிரையிலோ நிரலிலோ எந்த எண்ணும் இருமுறை வரலாகாது. இரு கருங்கட்டங்கள் பக்கம் ஒட்டியிருக்கலாகாது, மூலையால் தொட்டுக்கொள்ளலாம். எஞ்சிய வெண்கட்டங்கள் அனைத்தும், பக்கம் ஒட்டிய வழியே, ஒரே தொடராக இணைந்திருக்க வேண்டும்.

முதலிரு விதிகளைக் கொண்டே வெகுதூரம் செல்லலாம். ஒரு நிரையில் 3, 5, 3 என அடுத்தடுத்து வந்தால் நடுவிலுள்ள 5 வெண்மையே. இரு 3களில் ஒன்றேனும் கருமையாகும். கருமையின் அண்டையில் கருமை இராது. 6, 6 என ஓரிணை ஒட்டி நின்றால் அவற்றுள் ஒன்று உறுதியாக எஞ்சும். ஆகவே அந்நிரையின் பிற 6கள் எல்லாம் நீங்கும். உறுதியான வெண்கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் இட்டுக்கொள்வது நல்லது.

இதன்பின் பலர் ஊகிக்கத் தொடங்குகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். அழிப்பான் பட்டுத் தாள் கிழிந்ததே மிச்சம். மூன்றாம் விதியை முடிவில் சரிபார்க்கும் ஒன்றாகக் கருதியதுதான் பிழை. செய்யுளுக்குச் சொல் சொல்லாகப் பொருள் எழுதிவிட்டு, எழுவாய் எந்தப் பயனிலை கொண்டு முடிகிறது என்று பாராமல் விடும் மாணவரை ஆண்டுதோறும் கடிந்துகொள்பவன் நான்!

கட்டத்தின் மூலையில் 4. அதன் வலப்புறமும் 4, கீழும் 4 என்று கொள்வோம். மூலையை வெண்மையாக விட்டால் மற்ற இரண்டும் கருமையாக வேண்டும். அப்போது மூலைக்கு வெளியேறும் வழி இல்லை. எனவே மூலைதான் கருமை. மற்ற இரண்டும் வெண்மை. இங்கு ஊகத்துக்கு இடமே இல்லை. தன் அண்டையர் இருவரையும் இழந்து நிற்க எந்த எண்ணையும் இப்புதிர் அனுமதிப்பதில்லை. அப்படியிருக்க, 'தனியே விடு' என்று பெயர் வைத்தவருக்கு நகையுணர்வு மிகுதி என்றே நினைக்கிறேன்.

மூலைவிட்டமாகத் தொடும் கருங்கட்டங்களின் வரிசை ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்பை நெருங்கும்போதும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வரிசை முழுமையடைந்தால் நிலம் இரண்டாகப் பிளந்துவிடும். பிளக்கவல்ல அந்த ஒரு கட்டம் வெண்மை, தயங்காமல் வட்டமிடலாம்.