வெயிலும் வீடும்

மைசூரு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். மிதமான தட்பவெப்பத்திற்குப் பெயர் பெற்றது. ஆயினும் கோடை நண்பகலில் இங்குள்ள தகரக் கூரை வீடுகளில் அமர்ந்திருத்தல் அரிது. அடுத்த தெருவின் மாடி வீட்டிலோ குளிரூட்டி இயங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஒன்றே, அதனைத் தாங்கும் வாழ்க்கை இரண்டு.

வெப்பமூட்டல், குளிரூட்டல், கட்டட ஆற்றல் ஆகியவற்றை ஆராயும் வல்லுநர்கள் மாநாடுகளில் கூடுகின்றனர். நம் நாட்டில் இத்துறைப் பொறியாளர்களின் சங்கமாகிய 'இஷ்ரே' 1981இல் தொடங்கப்பட்டது. அது நடத்தும் 'ஏக்ரெக்ஸ்' கண்காட்சி பெங்களூரிலும் நடைபெற்றுள்ளது. இத்தகைய கூட்டங்கள் தேவையே. 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடிய உலக நாடுகள், புவியை வெப்பமாக்கும் குளிரூட்டி வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டன. கூடிப் பேசியதால் விளைந்த நன்மை அது.

எனினும், எந்திரத்தை மட்டும் மேம்படுத்தினால் போதாது. குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில் விடுகிறது. ஒருவருக்குக் குளிர்ச்சி; வழிநடப்பவருக்கு வெம்மை. ஆகவே, எந்திரத்திற்கு முன் கட்டடத்தை எண்ண வேண்டும் என்பதே என் கருத்து.

நம் முன்னோர் அவ்வாறே எண்ணினர். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தையும், கன்னட நாட்டுத் 'தொட்டி மனை'யின் நடுவெளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மொழி வேறு, அறிவு ஒன்று. சூடான காற்று மேலெழுந்து அவ்வழியே வெளியேறும். தடித்த சுவர் பகல் வெப்பத்தை விரைவில் உள்ளே விடாது. வெண்மை பூசிய கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். இவ்வுண்மையை உணர்ந்தே தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வகுத்தது. குளிரூட்டும் தேவையை 2037–38ஆம் ஆண்டிற்குள் 20 முதல் 25 விழுக்காடு வரை குறைக்க வேண்டும் என்று இந்திய அரசின் 2019ஆம் ஆண்டுத் திட்டமும் கூறுகிறது.

2016 சனவரியில் இந்திய அறிவியல் மாநாடு மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. பேரறிஞர்கள் நம் ஊர் தேடி வந்தனர். குளிரூட்டல் வல்லுநர்களும் இங்கே கூடட்டும். குளிர்ந்த அரங்கில் அமர்ந்து பேசுவதோடு நில்லாமல், நண்பகலில் ஒரு தகரக் கூரையின் கீழ் சிறிது நேரம் அமரட்டும். அவ்வீட்டுக் குழந்தை வியர்க்காமல் பாடம் படிக்கும் நாளே அம்மாநாட்டின் வெற்றி நாள்.

சொற்பொருள்
அரிது – கடினம்
வெம்மை – வெப்பம்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

சிந்தித்து எழுதுக
1. 'ஒருவருக்குக் குளிர்ச்சி, வழிநடப்பவருக்கு வெம்மை' – விளக்குக.
2. உங்கள் சொந்த ஊர் வீட்டையும் மைசூரு வீட்டையும் ஒப்பிட்டு, எது வெயிலை நன்கு தாங்குகிறது என்பதைக் காரணத்துடன் எழுதுக.
3. ஆசிரியரின் கருத்தை ஏற்கிறீர்களா? ஐந்து தொடர்களில் எழுதுக.